பழைய சீரியல் லைட்டை மறுசுழற்சிக்கு அனுப்புமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சீரியல் லைட்டில் விலை போகும் பொருள் பெரும்பாலும் ஒன்றுதான்: வயருக்குள் இருக்கும் செம்பு. பல்பின் கண்ணாடிக்கும் பிளாஸ்டிக் ஹோல்டருக்கும் யாரும் காசு தருவதில்லை. அந்தச் செம்பும் நினைக்கும் அளவுக்கு இல்லை. இது தெரியாமல் இறங்குகிறவர்கள்தான் ஒரே தவறுகளை மாறி மாறிச் செய்கிறார்கள். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கை வைக்க வேண்டும் என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடை பார்க்காமல் கணக்குப் போடுவது

0.33 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிராம்தான் இருக்கும். ஒரு செட்டில் போகவர எல்லாக் கம்பிகளையும் சேர்த்து 30 மீட்டர் என்று வைத்தாலும் 90 கிராமைத் தொடாது. மலிவான செட்டுகளில் கம்பி இதைவிட மெல்லியது.

எனவே முதலில் ஒரு மீட்டர் வயரை மட்டும் வெட்டுங்கள். அதை எடை போட்டு, மேல் உறையை உரித்து, உள்ளே உள்ள கம்பியைத் தனியாக எடை போட்டால் எத்தனை விழுக்காடு உலோகம் என்று தெரிந்துவிடும். கிராம் காட்டும் தராசு போதும். அப்படியே கம்பியைக் காந்தத்திடம் காட்டுங்கள். ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் கத்தி நுனியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். இந்த இரண்டையும் நல்ல செம்பு வயரோடு கலந்து கொண்டுபோனால் மொத்த மூட்டைக்கும் கீழ்த்தர விலைதான் கிடைக்கும்.

வயரை எரித்துச் செம்பு எடுப்பது

இத்தனை பேர் எடுத்துச் சொன்ன பிறகும் இது நிற்கவில்லை. உடம்புக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு. காசுக்காகத்தான் செய்கிறார்கள், ஆனால் காசும் குறைகிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். வயர் மெல்லியது என்பதால் கையால் உரித்து மாளாது. பத்து மீட்டர் உரிப்பதற்குள் விரல் காய்த்துவிடும். உடனே குவித்துத் தீ வைக்கிறார்கள். கரும்புகை அடங்கியதும் சாம்பலை உதறி, கறுத்த கம்பியை அள்ளிக்கொண்டு காயலான் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் ஒரு கம்பியை எடுத்து வளைக்கிறார், அது பொடிகிறது. நெருப்பில் வெந்த மெல்லிய செம்பின் மேற்பரப்பு ஆக்சைடாக மாறி, உருக்கும்போது கழிவாகப் போகும். அவர் விலையைக் குறைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

எரிக்கிறவர்களின் எதிர்பார்ப்பே அடிப்படையில் தவறு. பழைய உலோக வணிகத்தில் நாடு கடந்து புழங்கும் ஐஎஸ்ஆர்ஐ (அமெரிக்க மறுசுழற்சித் தொழில் சங்கம்) தர விதிகளைப் பாருங்கள். ‘பெர்ரி’ எனப்படும் முதல் தரச் செம்பில் சேர, கம்பி குறைந்தது 1/16 அங்குலம், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். சீரியல் லைட்டின் இழை அதில் பாதிகூட வராது. அடுத்த தரமான ‘பிர்ச்’ செம்பிலோ, எரிந்து பொடியும் கம்பியும் முடி போன்ற மெல்லிழையும் கூடாது என்றே எழுதியிருக்கிறது. ஆக, எவ்வளவு சுத்தமாக எரித்தாலும் இந்த வயர் மேல் தரத்துக்கு ஏறப்போவதில்லை. உறையோடு அப்படியே கொடுத்திருந்தால் ‘உறையிட்ட வயர்’ என்ற கணக்கில் உறையின் எடைக்கும் சேர்த்துக் காசு வந்திருக்கும்.

இனி புகைக்கு வருவோம். உறை பிவிசி. தூய பிவிசியின் எடையில் சுமார் 57 விழுக்காடு குளோரின். வயர் உறையில் மென்மையாக்கியும் நிரப்புத் தூளும் சேர்வதால் இந்த விகிதம் குறையும், ஆனாலும் கணிசமானது. எரியும்போது அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறி, ஈரம் பட்டதும் அமிலமாகிறது. கண் எரிவதும் தொண்டை கமறுவதும் அதனால்தான். அதைவிட மோசமானது டையாக்சின் என்ற, எளிதில் அழியாத நச்சு. ஏறக்குறைய 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், குளோரினும் கரியும் சேரும் இடத்தில் இது உருவாகிறது. செம்பு அதற்கு வினையூக்கி. புகைந்து புகைந்து எரியும் வயர்க் குவியலில் இந்த மூன்றும் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. எளிதில் அழியாத நச்சு வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்த 2001-இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, செம்புக் கேபிளைப் புகைய எரிப்பதை டையாக்சின் உண்டாக்கும் செயல்களின் பட்டியலில் தனியாகவே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

புகை கலைந்துவிட்டால் ஆபத்தும் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். டையாக்சின் சாம்பலிலும் மண்ணிலும் தங்கும். அங்கே கோழி மேய்ந்தால் முட்டையின் கொழுப்பில் சேரும். பழைய பிவிசி உறைகளில் நிலைப்படுத்தியாக ஈயச் சேர்மங்களைப் போட்டார்கள், அந்த ஈயமும் சாம்பலோடு தரையில்தான் கிடக்கும். அந்தத் தரையில் குழந்தைகள் விளையாடுவார்கள்.

தீயே தேவையில்லை என்பதுதான் வயிற்றெரிச்சலைக் கிளப்புவது. மறுசுழற்சி ஆலையில் வயரைச் சில மில்லிமீட்டர் துணுக்குகளாக அரைத்து, அதிரும் சாய்வு மேசையில் நீரோ காற்றோ செலுத்துவார்கள். செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், பிவிசி உறைக்குச் சுமார் 1.4 கிராம். அரிசியில் கல் பிரிவதுபோல இரண்டும் தனித்தனியாக ஒதுங்கிவிடும். சீனாவின் ஷிஜியாவ் நகரில் பழைய கிறிஸ்துமஸ் விளக்குகளை டன் கணக்கில் இப்படித்தான் நீர் மேசைகளில் பிரித்தார்கள். உறையும் வீணாகாமல் வேறு பிளாஸ்டிக் பொருளாகிறது.

நம் வேலை எளிது. கட்டிங் பிளேயரால் பிளக்கை வெட்டித் தனியே வையுங்கள், அதன் ஊசிகள் பெரும்பாலும் பித்தளை. மின்னும் வேகத்தை மாற்றும் கன்ட்ரோல் பெட்டியை வெட்டி மின்னணுக் கழிவில் சேருங்கள். மிச்சத்தை ஈரமில்லாமல் சுருட்டிக் கட்டி, உறையிட்ட வயராகக் கொடுங்கள். பல்புகளை ஒவ்வொன்றாக வெட்டுவது வாங்குகிறவரைப் பொறுத்தது. 100 பல்பு என்றால் 200 வெட்டு. பல்போடு கொடுத்தால் என்ன விலை, இல்லாமல் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டுவிட்டு வெட்ட உட்காருங்கள்.

வீட்டு மறுசுழற்சித் தொட்டியில் போடுவது

தரம் பிரிக்கும் இயந்திரத்தின் சுழலும் அச்சுகளில் வயர் சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தி, ஆள் உள்ளே இறங்கி அறுத்தெடுக்க வேண்டும். மின்னணுக் கழிவு சேகரிப்பிடத்துக்கே கொண்டுபோங்கள்.

பேட்டரியோடு கொடுப்பது

சோலார் செட்டின் பெட்டிக்குள் ரீசார்ஜ் பேட்டரி இருக்கும். 1.2 வோல்ட் என்றிருந்தால் நிக்கல் வகை, பழையதில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் இருக்கலாம். 3.2 அல்லது 3.7 வோல்ட் என்றிருந்தால் லித்தியம். குப்பை அழுத்தும் இயந்திரத்தில் லித்தியம் நசுங்கினால் தீப்பிடிக்கும். சிறிய அலங்காரச் சரங்களில் பட்டன் செல் ஒளிந்திருக்கும், அதைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எல்லாவற்றையும் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிப்பில் போடுங்கள்.

பல்பைக் கண்ணாடிப் பாட்டிலோடு சேர்ப்பது

கூடாது. இரண்டும் வேறு கண்ணாடி, உலோகமும் கலந்திருக்கிறது.

குமிழி விளக்கை உடைப்பது

குழாய்க்குள் திரவம் கொதித்துக் குமிழி எழும் பழைய குமிழி விளக்குகளில் இருப்பது பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன். 40 டிகிரியிலேயே கொதிக்கும், ஆவி நச்சு. முழுசாகவே கொடுங்கள்.

வேலை முடிந்து கை கழுவாமல் சாப்பிடுவது

பழைய உறையில் ஈயம் இருக்கலாம். சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

சரத்தை வெட்டிச் சிறிதாக்கி மறுபடி மின்சாரத்தில் மாட்டுவது

மறுபயன்பாடு நல்லதுதான். ஆனால் பல்புகளைத் தொடராக இணைத்து 230 வோல்ட்டுக்குச் செய்த சரத்தில் 100 இழை பல்பு இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 2.3 வோல்ட் பங்கு. 20 பல்பை வெட்டி நீக்கினால் மிச்சமுள்ள 80-க்கும் ஏறக்குறைய 2.9 வோல்ட். மின்னழுத்தம் 5 விழுக்காடு கூடினாலே இழை பல்பின் ஆயுள் சுமார் பாதியாகும், இங்கே 25 விழுக்காடு கூடுகிறது. ஒரு பல்பு போனதும் அதன் அடியில் உள்ள ஷன்ட் கம்பி இணைப்பைத் தொடரவைக்கும், மற்றவற்றின் பங்கு மேலும் ஏறும், அடுத்தடுத்துப் போகும். ஹோல்டர் உருகவும் வாய்ப்புண்டு. வெட்டி ஒட்டிய இடம் திறந்திருந்தால் தொடுகிறவருக்கு முழு ஷாக்.

எல்ஈடி என்றால் தனித்தனியாகக் கழற்றி 5 வோல்ட் யூஎஸ்பி சார்ஜரில் ஓட்டுங்கள். முதலில் 3 வோல்ட் பட்டன் செல்லின் இரு பக்கமும் கால்களை வைத்துப் பாருங்கள். எரிந்தால் நல்லது, எந்தக் கால் பாசிட்டிவ் என்பதும் தெரிந்துவிடும். எரியாவிட்டால் திருப்பி வைத்துப் பார்த்த பிறகே ஒதுக்குங்கள். வெள்ளை, நீலத்துக்கு 100 ஓம் ரெசிஸ்டர், சிவப்பு, மஞ்சளுக்கு 150 ஓம். ஒவ்வொரு எல்ஈடிக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். பலவற்றை இணையாகச் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டால், குறைந்த வோல்ட்டில் எரியும் எல்ஈடி மற்றவற்றின் மின்னோட்டத்தையும் தானே இழுத்துக்கொண்டு முதலில் கருகும்.