உடம்பு சரியில்லாமல் வெளிநாடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிக்கெட் போட்டாகிவிட்டது, விசா கைக்கு வந்துவிட்டது. கிளம்புகிற நாள் பார்த்துத் தொண்டை கட்டிக்கொள்கிறது, ராத்திரி காய்ச்சல் அடிக்கிறது. பலரும் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். போகிற இடத்தில் சரியாகிவிடும் என்று நம்பிக்கை. சில நேரம் சரியாகியும் விடும். ஆகாதபோது அடி உடம்புக்கு மட்டுமல்ல, போய் இறங்கும் நாட்டைப் பற்றி மனதில் பதிகிற எண்ணத்துக்கும் சேர்த்து விழுகிறது. இந்த இரண்டாவது சேதத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

முதலில் விமானம். காய்ச்சலை மாத்திரையால் அமுக்கிவிட்டு ஏறுவதுதான் பெரிய தவறு. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் உள்ள மலையில் இருப்பதற்குச் சமமாக இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் சற்று இறங்கும். நல்ல உடம்புக்காரருக்கு அது தெரியவே தெரியாது. நிமோனியா, கட்டுக்குள் வராத ஆஸ்துமா, கடுமையான ரத்தசோகை உள்ளவர்களுக்கோ நடுவானில் மூச்சு முட்டலாம். உள்ளே ஈரப்பதமும் மிகக் குறைவு, பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. காய்ச்சலில் ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பு இன்னும் காய்ந்துபோகும். விமானத்தின் வடிகட்டிகள் கிருமிகளைப் பிடித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் இருமுவது வடிகட்டிக்குப் போவதற்கு முன் பக்கத்து இருக்கைக்காரர் மேல் படும். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி.

தள்ளிப்போடுவதிலும் ஒரு தவறு நடக்கிறது. விமான நிறுவனத்துக்குச் சொல்லாமலே போகாமல் இருந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பல நிறுவனங்களில் அதே டிக்கெட்டில் உள்ள திரும்பும் பயணமும் ரத்தாகிவிடும். விமானம் கிளம்புவதற்கு முன்பே அழைத்துத் தேதியை மாற்றச் சொல்லுங்கள். மருத்துவரின் சான்றிதழ் கையில் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

வெறும் சளிதானே என்று ஏறுகிறவர்கள் காதை மறந்துவிடுகிறார்கள். மூக்குக்குப் பின்பக்கத்திலிருந்து நடுச்செவிக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்ளும். மேலே ஏறும்போது அவ்வளவாகத் தெரியாது. இறங்கத் தொடங்கியதும் வெளி அழுத்தம் கூடக் கூடச் செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்படும். அந்த வலி பொறுக்க முடியாதது. சிலருக்குச் செவிப்பறை கிழிந்தும் போகிறது. இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு, மருத்துவர் சொன்ன மூக்கடைப்பு ஸ்பிரேயை அடித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தூங்காதீர்கள். தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைந்துவிடும், காது திறக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவதானால் மென்மையாக ஊதுங்கள். கைக்குழந்தை என்றால் இறங்கும்போது பால் குடிக்கட்டும்.

அடுத்தது மருந்துப் பை. மாத்திரை அட்டையைப் பாதியாக வெட்டி, பெயர் அச்சிட்ட பக்கம் போய், மிஞ்சிய நான்கு மாத்திரைகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போவது நம்மில் பலருக்கு வழக்கம். சுங்க அதிகாரிக்கு அது என்னவென்றே தெரியாது, உங்களாலும் நிரூபிக்க முடியாது. ஒரு நாட்டில் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது இன்னொரு நாட்டில் குற்றமாகலாம். மூக்கடைப்பு மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும், டிரமடால் வலி மாத்திரைக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். போகும் நாட்டின் தூதரக இணையதளத்தில் பார்த்துவிட்டு, மருந்தை அதன் பெட்டியோடும், மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) எழுதிய மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். மூலப்பெயர் தெரிந்திருப்பது இன்னொரு ஆபத்திலிருந்தும் காப்பாற்றும். பாராசிட்டமாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அசெட்டமினோஃபென் என்று பெயர். கையிலிருக்கும் பாராசிட்டமாலோடு, அங்கே வாங்கிய அசெட்டமினோஃபென் கலந்த சளி மருந்தையும் சேர்த்துப் போட்டால் ஒரே மருந்து இரண்டு மடங்காகிவிடும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை. தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படும்.

இறங்கிய பிறகு, எல்லாவற்றையும் பயணக் களைப்பில் சேர்த்துவிடாதீர்கள். பொலிவியாவின் லா பாஸுக்கான எல் ஆல்டோ விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் தலைவலியும் குமட்டலும் வந்தால் அது மலை உயரத்தின் வேலையாக இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். டெங்கு உள்ள நாட்டில் காய்ச்சல் என்றால் ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். மலேரியாப் பகுதிக்குப் போய் வந்தவர்களுக்குக் காய்ச்சல் சில மாதம் கழித்துக்கூட வரலாம். எந்த மருத்துவரிடம் போனாலும் போய் வந்த நாடுகளைச் சொல்லிவிடுங்கள். காப்பீடு வைத்திருப்பவர்கள், அவசரம் இல்லாதபட்சத்தில், மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே பாலிசியில் உள்ள உதவி எண்ணை அழைக்க வேண்டும். சேர்ந்த பிறகு சொன்னால் பல நிறுவனங்கள் பணம் தர மறுக்கின்றன.

இனி, நாட்டைப் பற்றிய தீர்ப்பு. காய்ச்சலோடு இறங்குகிறவருக்குக் குடியேற்ற வரிசை முடிவே இல்லாதது. அதிகாரியின் சாதாரண முகம் கடுகடுப்பாகத் தெரியும். மூக்கு அடைத்திருப்பதால் வாசனை இல்லை, அதனால் சாப்பாட்டில் ருசி இல்லை. வெளிச்சம் கண்ணைக் குத்தும். அன்றிரவு வீட்டுக்குப் போன் போட்டு, "இந்த நாடு நமக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிடுகிறார்கள். இது பலவீனம் அல்ல, உடம்பின் இயல்பு. கிருமியோடு போராடும்போது சுரக்கும் வேதிப்பொருட்கள் மூளைக்கும் செய்தி அனுப்புகின்றன. மனம் சோர்கிறது, அந்நியர்களிடமிருந்து விலகத் தோன்றுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தன்னார்வலர்களுக்கு பாக்டீரியா நச்சைச் சிறு அளவில் செலுத்திப் பார்த்து 2010இல் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களுக்கு மற்றவர்களிடமிருந்து தனித்துவிடப்பட்ட உணர்வு கூடியிருந்தது. எந்தப் புதிய நாட்டுக்கும் போகாமலே அவர்களுக்கு அப்படித் தோன்றியது என்பதை நினைவில் வையுங்கள்.

முதலில் பதிந்தது லேசில் அழிவதுமில்லை. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946இல் ஒரே மனிதரைப் பற்றிய ஒரே அடைமொழிகளை வரிசை மாற்றிக் கொடுத்தார். நல்ல சொற்களை முதலில் கேட்டவர்களுக்கு அவர் நல்லவராகவும், கெட்ட சொற்களை முதலில் கேட்டவர்களுக்கு மோசமானவராகவும் தெரிந்தார். முதல் வாரம் முழுக்கப் படுக்கையில் கிடந்தவருக்கு ஒரு நாடே அப்படித்தான் பதிந்துவிடுகிறது. படிக்கவும் வேலைக்கும் போகிறவர்கள் இதில் அதிகம் இழக்கிறார்கள் என்பது என் எண்ணம். சுற்றுலாப் பயணி ஒரு விடுமுறையை இழக்கிறார். இவர்களோ படிப்பையே விட்டுவிட்டுத் திரும்புவதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஆகவே காய்ச்சல் நாட்களில் வீட்டு ஒப்பந்தத்தை முறிப்பது, திரும்ப டிக்கெட் போடுவது, ஊரைப் பற்றி நாலு பேருக்கு எழுதுவது எதையும் செய்யாதீர்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். "பேருந்து ஓட்டுநர் சில்லறை தர மறுத்தார்" என்பது நடந்தது. "இங்கே எல்லோரும் முரடர்கள்" என்பது தீர்ப்பு. குணமானதும் அதே தெரு, அதே பேருந்து, அதே கடைக்கு இன்னொரு முறை போய் வாருங்கள். இதன் மறுபக்கமும் உண்டு. நோயில் கிடந்தபோது ஒரு மருந்தாளுநர் அன்பாகப் பேசிவிட்டார் என்பதற்காக அந்த நாட்டில் எல்லோரும் தங்கம் என்று நம்பி, முன்பின் தெரியாதவரிடம் பாஸ்போர்ட்டையும் பணத்தையும் ஒப்படைத்துவிடக் கூடாது.

அதற்காக எல்லாவற்றையும் காய்ச்சலின் தலையில் கட்டுவதும் தவறு. வீட்டுக்காரர் ஏமாற்றினால், வேலை கொடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தால், யாராவது இனத்தைச் சொல்லித் திட்டினால், அது உடம்பு தேறிய பிறகும் நடந்ததுதான். காத்திருக்காமல் புகார் செய்யுங்கள், தூதரகத்தை அணுகுங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் மருத்துவரிடமோ, படிக்கும் இடத்து ஆலோசகரிடமோ போய்ச் சொல்லுங்கள். ஊர் பழகாததால்தான் இப்படி என்று தனியாகச் சகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.