ஆல்ஃபாவுக்குள் ஒரு மாடு: எழுத்தைத் திருப்பிப் பார்க்கும் பயிற்சி

கிரேக்க எழுத்துவரிசையின் முதல் எழுத்தான ஆல்ஃபா என்றால் என்ன பொருள் என்று கேட்டால், "முதலாவது" என்பார்கள். எழுத்தின் இடத்தை வைத்துப் பின்னால் வந்த பொருள் அது. பெயரின் பொருள் வேறு. ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நீங்களே அதைக் கண்டுபிடிக்கலாம்.

படி 1: பெரிய ஆல்ஃபாவைத் தாளில் வரையுங்கள். ஆங்கிலத்தின் பெரிய 'ஏ' வடிவம்தான். குறுக்குக் கோட்டை மட்டும் இருபுறமும் கால்களைத் தாண்டிச் சற்று நீட்டுங்கள்.

படி 2: கூர்முனை இடப்பக்கம் வரும்படி தாளைக் கால் வட்டம் திருப்புங்கள். இன்றைய லெபனான் கடற்கரையில் வாழ்ந்த பழங்கால வணிகர்களான பினீசியர்கள் எழுதிய 'ஆலெஃப்' என்ற எழுத்து ஏறக்குறைய இதுதான். கிரேக்கர்கள் எழுத்தைப் பெற்றது அவர்களிடமிருந்தே. ஏதென்ஸில் 1871-இல் கிடைத்த டிபைலான் மதுச் சாடி கி.மு. 740-ஐ ஒட்டியது. அதில் கீறியிருக்கும் ஆல்ஃபாவும் எழுந்து நிற்கவில்லை, படுத்தேதான் இருக்கிறது.

படி 3: இன்னொரு கால் வட்டம். கூர்முனை கீழே வந்துவிட்டதா? முக்கோணத்துக்குள் இரண்டு புள்ளிகள் வையுங்கள். கண்கள், மேலே கொம்புகள், நீட்டிய கோட்டில் காதுகள். மாட்டின் முகம்! ஆலெஃப் என்ற செமித்தியச் சொல்லுக்கு (பினீசியம் சேர்ந்த மொழிக்குடும்பம் செமித்தியம்) மாடு என்றே பொருள். சினாய் பாலைவனத்தில், நீலப்பச்சைக் கல் தோண்டிய செராபித் எல்-காதிமில், 1905-இல் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த கல்வெட்டுகளில் கொம்புள்ள மாட்டுத் தலையே எழுத்தாக இருக்கிறது. அவை 3,500 ஆண்டுகளுக்கும் முந்தியவை.

படி 4: இதைக் காதால் செய்ய வேண்டும். "அ" என்று இருமுறை விட்டுவிட்டுச் சொல்லுங்கள். இரண்டாவது "அ" பிறக்குமுன் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்கும். ஆலெஃப் குறித்தது அந்த அடைப்பைத்தான். பினீசியருக்கு அது ஒரு மெய்யெழுத்து. கிரேக்கத்தில் அப்படியொரு மெய் இல்லை. அதனால் அவர்கள் அடைப்பை விட்டு, அடுத்து வந்த உயிரொலிக்கு எழுத்தைக் கொடுத்தார்கள். பினீசிய எழுத்து 22-உம் மெய்கள். அவற்றின் நடுவே உயிருக்கென்று தனி எழுத்து இப்படித்தான் கிடைத்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுவே.

பெயரின் கடைசி "ஆ"வும் கிரேக்கர் சேர்த்ததே. அவர்கள் மொழியில் சொற்கள் "ஃப்" ஒலியில் முடிவதில்லை.

படி 5: இதே முறையில், ஆங்கில 'எம்' போலிருக்கும் கிரேக்க எழுத்து 'மியூ'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பினீசிய மூலமான 'மேம்' தண்ணீரைக் குறித்தது. பெரிய மியூவின் மேல்விளிம்பில் பென்சிலை ஓட்டிப் பாருங்கள், அலை இன்னும் அங்கேதான் இருக்கிறது.