கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகள் அதிக மதிப்பெண் வாங்குவது யாரால்? ப்ரொபென்சிட்டி ஸ்கோர் பொருத்தம், படிப்படியாக

அமெரிக்காவில் கத்தோலிக்கப் பள்ளி மாணவர்கள் அரசுப் பள்ளி மாணவர்களைவிடச் சராசரியாக அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள். காரணம் பள்ளியா, அங்கே பிள்ளையைச் சேர்க்கிற குடும்பத்தின் வசதியா? 1982இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் குழுவினர் பள்ளிதான் காரணம் என்ற பக்கம் சாய்ந்து எழுதியதும் பெரிய சர்ச்சை கிளம்பியது. குலுக்கல் போட்டு யாரும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லையே. குடும்பங்களே பள்ளியைத் தேர்ந்தெடுப்பதால் இரு குழுக்களும் தொடக்கத்திலேயே வேறுபட்டிருக்கும். இதைத்தான் தேர்வுச் சார்பு என்கிறோம். 1983இல் புள்ளியியலாளர்கள் ரோசன்பாமும் ரூபினும் முன்வைத்த ப்ரொபென்சிட்டி ஸ்கோரை (பின்னணித் தகவல்களை வைத்துப் பார்த்தால் ஒரு பிள்ளை கத்தோலிக்கப் பள்ளியில் சேர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) வைத்து இதைக் குறைக்கப் பார்க்கலாம்.

படி 1: பள்ளியில் சேருவதற்கு முந்தைய தகவல்களை மட்டும் எடுங்கள்: பெற்றோர் படிப்பு, வருமானம், ஊர், பழைய தேர்வு மதிப்பெண். வீட்டுப்பாடத்துக்குச் செலவிடும் நேரம் வேண்டாம். அதைக் கூட்டியதே பள்ளியாக இருக்கலாம். சேர்த்தால் பள்ளியின் பங்கையே கழித்துவிடுவீர்கள்.

படி 2: கத்தோலிக்கப் பள்ளி என்றால் 1, அரசுப் பள்ளி என்றால் 0. படி 1இன் தகவல்களைக் கொண்டு இதைக் கணிக்க லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (ஆம்/இல்லை விடைக்கு நிகழ்தகவு தரும் கணக்கு) ஓட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கும் நிகழ்தகவுதான் ஸ்கோர்.

படி 3: ஸ்கோர் நெருக்கமானவர்களை ஜோடி சேருங்கள். ஆர் மென்பொருளில் மேட்ச்இட் தொகுப்பு இதைச் செய்யும். ஸ்கோரின் லாஜிட் மதிப்பில் (p/(1−p) என்பதன் மடக்கை; p என்பது ஸ்கோர்) 0.2 திட்டவிலக்கத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம் என்பது வழக்கம். ஜோடி கிடைக்காதவர்கள் வெளியே போவார்கள். எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் என்று எழுதிவையுங்கள்.

படி 4: சமநிலை பார்ப்பது, அதாவது இரு குழுக்களின் பின்னணியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. அவசரப்பட்டு இதைத் தாண்டிவிடாதீர்கள். 0.40 ஸ்கோர் உள்ள இருவர் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவரின் தாய் பட்டதாரி, வருமானம் குறைவு என்று இருக்கலாம். இன்னொருவர் வீட்டில் நேர்மாறு. பொருந்த வேண்டியது குழுக்களின் சராசரி. ஒவ்வொரு மாறிக்கும் தரப்படுத்திய சராசரி வேறுபாடு (சராசரிகளின் வித்தியாசத்தைத் திட்டவிலக்கத்தால் வகுத்தது) 0.1க்குள் இருக்கிறதா பாருங்கள். பி-மதிப்பை (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) நம்ப வேண்டாம். ஆட்கள் குறைந்தாலே அது தானாக ஏறிவிடும். சரிவரவில்லையா, படி 2க்குத் திரும்பி வருமானத்தை அதனாலேயே பெருக்கிய வர்க்கத்தையோ இரு மாறிகளின் பெருக்கலையோ சேர்த்துப் பாருங்கள். அதுவரை இறுதி மதிப்பெண் கோப்பைத் திறக்காதீர்கள். விடையைப் பார்த்துக்கொண்டே ஜோடி மாற்றினால், பிடித்த விடைதான் வந்து நிற்கும்.

படி 5: இப்போது மதிப்பெண்ணை ஒப்பிடுங்கள். ரிக்ரெஷனில் அதே மாறிகளை மறுபடி சேர்ப்பது நல்லது. திட்டப்பிழையை (மதிப்பீட்டின் நிச்சயமின்மை அளவு) ஜோடிவாரியாகக் கணக்கிடுங்கள்.

அப்புறம், பெற்றோரின் அக்கறை போல அளக்காத விஷயங்களை இந்த முறை நேரடியாகத் தொடாது. அப்படி ஒரு மறைகாரணி எவ்வளவு வலுவாக இருந்தால் உங்கள் முடிவு கவிழும் என்பதை ரோசன்பாமின் உணர்திறன் சோதனையால் கணக்கிட்டு, முடிவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.