பருவத்துக்கு ஒரே ஒரு வரி: வகுப்பறைத் தொழில்நுட்பத்துக்கு நான் இலக்கு வைக்கும் விதம்

2023 ஜூனில் பள்ளி திறந்த அன்று என் டைரியில் எழுதியது இது: "இந்த வருஷம் எல்லாப் பாடத்தையும் டிவியில் காட்டி நடத்தணும்." எங்களுடையது விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு 43 இஞ்ச் டிவி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் எழுதிய வரி. ஜூலைக்குள் மூன்று பாடம் காட்டினேன். ஆகஸ்ட்டில் டிவிக்கு ஒரு பழைய புடவைத் துணி போட்டு மூடிவிட்டோம், தூசி படியாமல் இருக்கட்டும் என்று.

அந்த வரியில் என்ன கோளாறு என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. அதில் டிவி இருந்தது, பிள்ளைகள் இல்லை. டிவி ஓடினால் இலக்கு நிறைவேறியது, ஓடாவிட்டால் இல்லை. யாருக்கு என்ன புரிந்தது என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. இப்போது நான் வேறு மாதிரி செய்கிறேன். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன், அதனால் உதாரணமெல்லாம் அறிவியலாகத்தான் இருக்கும். தமிழ் எடுப்பவரோ கணக்கு எடுப்பவரோ தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில், எந்த ஆப், எந்தக் கருவி என்று யோசிக்காதீர்கள். போன வருஷத்து விடைத்தாள்களை எடுங்கள். இல்லையென்றால் பாடம் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் துண்டுச் சீட்டில் பதில் வாங்குங்கள். பிள்ளைகள் மொத்தமாக எந்த இடத்தில் சறுக்குகிறார்களோ, அந்த இடம்தான் உங்களுக்கு வேண்டும்.

எனக்கு அது ஏழாம் வகுப்பு மின்னோட்டவியலில் கிடைத்தது. ஒரு பேட்டரி, தொடர் இணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மாதிரியான இரண்டு பல்பு. எது அதிகம் வெளிச்சம் தரும்? 32 பேரில் ஐந்து பேர்தான் "இரண்டும் சமம்" என்று எழுதியிருந்தார்கள். மற்ற 27 பேருக்கும் முதல் பல்புதான். ஏன் என்று கேட்டதற்கு முதல் பெஞ்சுப் பையன் சொன்னான்: "மொதோ பல்பு பாதி கரண்ட்டக் குடிச்சிடும்ல டீச்சர், மிச்சம்தான அடுத்ததுக்குப் போகும்."

எவ்வளவு நியாயமான தப்பு பாருங்கள். வாய்க்காலில் முதல் வயலுக்குப் பாய்ந்த பிறகுதானே கடைசி வயலுக்குத் தண்ணீர் வருகிறது. மின்னோட்டம் அப்படிச் செலவாகித் தீர்வதில்லை என்பதைப் பத்து வருஷமாகச் சாக்பீஸில் அம்புக்குறி போட்டுச் சொல்லி வருகிறேன். தேர்வில் சரியாக எழுதுவார்கள், மனதில் வாய்க்கால் அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வேலை, இதற்குத் திரை தேவையா என்று உங்களையே கேட்டுக்கொள்வது. கரும்பலகையிலோ கையில் இருக்கும் பொருளிலோ முடிகிற காரியத்துக்கு டிவியைப் போடுவது வீண் வேலை. வேர்த்தொகுப்பைக் காட்டப் பள்ளிக்கூடத்து ஓரத்தில் இருக்கும் குப்பைமேனியைப் பிடுங்கி வந்தால் போதும், அதற்கு எதற்கு வீடியோ?

இந்தப் பல்பு விஷயத்திலும் நிஜப் பொருளைத்தான் முதலில் நம்பினேன். இரண்டு டார்ச் பல்பு, இரண்டு செல், கொஞ்சம் ஒயர். வகுப்பைச் சுற்றி நிற்கவைத்து இணைத்தேன். முதல் பல்புதான் பளிச்சென்று எரிந்தது, இரண்டாவது மங்கல். "பாத்தீங்களா டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. எனக்கு ஒரு நிமிடம் வியர்த்துவிட்டது. பிறகு இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போட்டேன். இப்போது இரண்டாவது இடத்துக்குப் போன பல்பு பளிச். அந்தப் பல்பு எங்கே போனாலும் அதுதான் அதிகம் எரிந்தது. கடையில் வாங்கிய பல்பு, ஒன்றின் மின்தடை (மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) போல இன்னொன்றுக்கு இல்லை. பாடம் காப்பாற்றப்பட்டது, ஆனால் குழப்பம் தீரவில்லை.

ஒரே அச்சில் வார்த்த இரண்டு பல்பு வேண்டும், ஒயருக்குள் என்ன ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் என்னால் கையால் கொடுக்க முடியாது. திரைக்கு வேலை இங்கேதான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் மின்சுற்று கட்டிப் பார்க்கும் சிமுலேஷன் ஒன்று இலவசமாக இருக்கிறது. பேட்டரி, பல்பு, ஒயர், சுவிட்ச் எல்லாவற்றையும் விரலால் இழுத்து இணைக்கலாம். எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக ஊர்ந்து போவது தெரியும். ஷார்ட் சர்க்யூட் செய்தால் பேட்டரி தீப்பிடிக்கும், அதுவும் பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம்.

இப்போதுதான் இலக்கை எழுத வேண்டும். ஒரே வரி, அதற்குள் பிள்ளைகள், எண்ணிக்கை, தேதி மூன்றும் வந்துவிட வேண்டும். என் நோட்டில் இப்படி இருக்கிறது:

"நவம்பர் கடைசிக்குள், ஏழாம் வகுப்பில் 32 பேரில் 24 பேராவது, பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டம் ஒன்றே என்று முதலில் ஊகித்து, பிறகு காரணம் சொல்ல வேண்டும்."

வரியில் ஃபெட்டும் இல்லை, டிவியும் இல்லை, கவனித்தீர்களா? கருவியின் பெயர் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், பென்சிலால். வேலைக்கு ஆகாவிட்டால் அழித்துவிட்டு வேறு எழுதலாம், மேலே உள்ள வரி அப்படியே நிற்கும்.

24 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு தோழி கேட்டாள். சும்மா மனக்கணக்குத்தான், நாலில் மூன்று பங்கு. ஆனால் தொடக்கத்தில் ஐந்து என்ற எண் கையில் இல்லாமல் 24 என்று எழுதியிருந்தால் அது வெறும் ஆசை. அதனால் அந்தத் துண்டுச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.

தேதி வைக்கும்போது காலண்டரைப் பார்க்க வேண்டும். இரண்டாம் பருவம் என்றால் எங்கள் பக்கம் மழைக்காலம். மழை விடுமுறை, தீபாவளி, மின்வெட்டு எல்லாம் போக, அந்தப் பாடத்துக்கு எனக்கு உண்மையில் கிடைத்தது ஒன்பது பீரியட். அதில் டிவி போட்டது இரண்டே பீரியட். அதற்கு மேல் திட்டம் போடாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

உங்களுக்கென்றும் ஓர் இலக்கு வேண்டும், பிள்ளைகளுக்கு வைத்ததில் பாதி அளவுக்கு. என்னுடையது வெட்கப்படும்படி சின்னது: "நெட் இல்லாமல் சிமுலேஷனை ஓடவைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்." எங்கள் வகுப்பறையில் செல்போன் சிக்னல் ஜன்னலோரம் மட்டும்தான். அந்தச் சிமுலேஷனை ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், பிரவுசரில் நெட் இல்லாமலே திறக்கும் என்று தெரிய எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. கல்லூரியில் படிக்கும் என் மகள் நாலு நிமிடத்தில் செய்து காட்டினாள், ஆனால் அவள் செய்தால் கணக்கில் வராது என்று நானே மறுபடி மூன்று முறை செய்தேன். லேப்டாப்பிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ ஒயர் ஒன்று. முதல் நாள் சாயங்காலமே பள்ளியில் மாட்டி, எழுத்து கடைசி பெஞ்சுக்குத் தெரிகிறதா என்று நீங்களே போய் உட்கார்ந்து பாருங்கள்.

வருகைப்பதிவை ஆப்பில் போடுவது, விவரங்களை ஏற்றுவது, படிவம் நிரப்புவது இதையெல்லாம் இந்த நோட்டில் சேர்க்காதீர்கள். அது அலுவலக வேலை. அதைத் திறமையாகச் செய்துவிட்டு, "நான் தொழில்நுட்பம் பயன்படுத்துகிறேனே" என்று நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இனி அந்த இரண்டு பீரியட். முதல் பத்து நிமிடம் டிவி அணைந்தே இருந்தது. கரும்பலகையில் சுற்றை வரைந்து, எது வெளிச்சம் என்று ஒவ்வொருவரும் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்றேன். காட்டிவிட்டுக் கேட்டால் எல்லோரும் "எனக்கு முன்னாடியே தெரியும்" என்பார்கள். பதில் வாங்க பிளிக்கர்ஸ் என்ற ஆப்பின் கார்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண், கருப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்ட ஓர் அட்டை. நாலு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எது பதிலோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். என் செல்போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்று காட்டினால் யார் என்ன பதில் என்று வந்துவிடும். பிள்ளைகளிடம் போன் வேண்டாம். பக்கத்துப் பையன் அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்கவும் முடியாது, ஒவ்வொரு அட்டையிலும் கட்டம் வேறு. இதற்கு மட்டும் நெட் வேண்டும், அதனால் ஜன்னலோரம் நின்று ஸ்கேன் செய்கிறேன்.

ஒரு செலவை மிச்சப்படுத்துங்கள்: அட்டைகளைப் பளபளப்பான லேமினேஷன் செய்யாதீர்கள். நான் ஆசையாக 32 அட்டைக்கும் செய்து வந்தேன். டியூப்லைட் வெளிச்சம் பட்டுத் தகதகவென்று மின்னி, பாதி அட்டையைக் கேமரா படிக்கவே இல்லை. பிள்ளைகள் கையைத் தூக்கியபடி நின்று நின்று வலிக்கிறது என்றார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் தடி அட்டையில் மறுபடி பிரிண்ட் எடுத்து ஒட்டினேன், பிரச்சினை தீர்ந்தது.

பிறகு டிவியைப் போட்டு, மவுஸைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். இது ரொம்ப முக்கியம். நாம் செய்து காட்டினால் அது சினிமா. 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு இரண்டு. ஒரு பெண் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வைத்தாள்: 0.45 ஆம்பியர். இரண்டு பல்புக்கும் நடுவில்: 0.45. கடைசியில்: 0.45. யாரும் பேசவில்லை. பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், மெஷின் ரிப்பேரா?" அன்றைக்கு நடந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி அதுதான். வாய்க்கால் அசைந்த சத்தம்.

அங்கே டிவியை நிறுத்தினேன். பேசும்போது திரை ஓடக்கூடாது, கண் அங்கேதான் போகும். சைக்கிள் செயின் உதாரணத்துக்குப் போனோம். மிதித்தால் செயின் முழுக்க ஒரே வேகத்தில் நகர்கிறது, சக்கரத்தைச் சுற்றியதால் செயின் குறைந்துவிடுவதில்லை. செலவாவது மிதிக்கிறவர் கால் பலம். அது அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி சொன்னது, என்னுடையது இல்லை.

நவம்பர் கடைசியில் அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, மூன்று பல்பாக்கித் துண்டுச் சீட்டில் கேட்டேன். 19 பேர் சரி. 24 எட்டவில்லை. நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்: "5லிருந்து 19. இரண்டாவது பீரியட் நடுவில் கரண்ட் போனது. ஏழு பேர் அன்று வரவில்லை, அவர்களுக்குத் தனியாகக் காட்டவில்லை." இந்தக் கடைசி வாக்கியம்தான் அடுத்த இலக்கு. எட்டாத இலக்கை அழித்து எழுதாதீர்கள், ஏன் எட்டவில்லை என்று ஒரு வரி போதும்.

இன்னொன்று, எதை விடப்போகிறீர்கள் என்றும் எழுதுங்கள். புதிதாக ஒன்று சேர்த்தால் பழையது ஒன்று போக வேண்டும், நாளுக்கு மணி நேரம் கூடப்போவதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வீடியோ லிங்க் அனுப்பும் பழக்கத்தை நான் விட்டேன். யாரும் பார்க்கவில்லை. பாதி வீட்டில் அப்பாவின் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. பிள்ளைகள் டிவி முன் நிற்கும் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதையும் விட்டுவிட்டேன். பெற்றோரைக் கேட்காமல் போட நமக்கு உரிமை இல்லை, தவிர, படம் எடுக்கும் நேரத்தில் பாடம் நிற்கிறது.

பாடப்புத்தகத்தில் 2018 முதல் க்யூஆர் கோடு வருகிறது, மத்திய அரசின் பாடத் தளம் திக்ஷா, தமிழ்நாடு அரசின் பாட ஆப் மணற்கேணி எல்லாம் இருக்கின்றன. தேடிப் பார்க்க நேரம் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் சறுக்கும் இடம் எது என்று தெரிந்த பிறகு தேடுங்கள், பத்து நிமிடத்தில் முடியும். தெரியாமல் தேடினால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

மூன்றாம் பருவத்துக்கான வரியை இன்னும் எழுதவில்லை. விடுமுறைக்கு முன் விடைத்தாள்களைப் புரட்டியதில் இரண்டு இடம் கண்ணில் பட்டிருக்கிறது, எது என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் 17ஆம் நம்பர் கார்டைப் புதிதாகப் பிரிண்ட் எடுக்கணும். யாரோ அதில் ராக்கெட் செய்து பறக்கவிட்டிருக்கிறார்கள்.