மொட்டைமாடியிலிருந்து ஒளியை முந்துவது எப்படி

"ஒளியை விட வேகமா எதுவுமே போகாதா மாமா?" என்று அக்கா மகன் கேட்டான். போகுமே, நம் வீட்டு டார்ச்சை வைத்தே காட்டுகிறேன் என்று மாடிக்குக் கூட்டிப்போனேன். உங்களுக்கும் ஒரு டார்ச்சும் பௌர்ணமி மாலையும் போதும். லேசர் மட்டும் வேண்டாம், விமானம் ஓட்டுகிறவர் கண்ணைக் கூசவைக்கும்.

நிலா தென்னை உயரத்தில் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். மேலே ஏறிவிட்டால் பக்கவாட்டு வீச்சில் கோணம் குறைந்துவிடும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. நிலாவுக்கு இந்தப் பக்கம் நாலரை முஷ்டி, அந்தப் பக்கம் நாலரை முஷ்டி அளந்து, நின்ற இடத்தை விட்டு நகராமல் கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். இனி ஒரு குறியிலிருந்து மறு குறிக்கு, நிலாவைக் கடந்து, ஒரு வினாடியில் டார்ச்சைச் சீராகத் திருப்ப வேண்டும். எங்கள் வீட்டுப் பையன் முதலில் கொசு விரட்டினான். நாலாவது தடவைதான் சரியாக வந்தது.

இப்போது கணக்கு. நிலா சராசரியாக 3,84,400 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ஒன்பது முஷ்டி என்றால் 90 டிகிரி, அதாவது கால்வட்டம். அந்தத் தூரத்தில் அது சுமார் 6 லட்சம் கி.மீ., அதை நம் வெளிச்சப் புள்ளி ஒரே வினாடியில் ஓடுகிறது. ஒளியோ வினாடிக்கு 2,99,792 கி.மீ.தான். 3,474 கி.மீ. அகலமுள்ள நிலாவைக் கடக்க ஒளிக்கு 11.6 மில்லிவினாடி ஆகும். நம் வெளிச்சப் புள்ளி அதில் பாதி நேரத்தில் கடந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, டார்ச் ஒளி அவ்வளவு பரந்து மங்கிவிடும். கணக்கில் மாற்றமில்லை.

"அப்போ ஐன்ஸ்டீன் சொன்னது தப்பா?" என்றான். ஹோஸ் பைப்பை எடுத்துச் சுவரில் குறுக்கே ஒரு வீசு வீசினேன். ஈரக்கோடு சர்ரென்று ஓடியது. ஆனால் எந்தத் துளியும் சுவரோடு ஓடவில்லையே? ஒவ்வொன்றும் பைப்பிலிருந்து தனித்தனியாக வந்து அடித்தது. நிலாவின் இடது ஓரத்தில் நீயும் வலது ஓரத்தில் உன் தங்கையும் நின்றால், அந்தப் புள்ளியை வைத்து அவளுக்கு ஒரு 'உம்' கூடச் சொல்லி அனுப்ப முடியாது. புள்ளிக்கு எடையில்லை, அது எதையும் சுமக்கவும் இல்லை. ஐன்ஸ்டீன் தடுத்தது பொருளையும் சேதியையும்தான்.

இன்னொன்று. டார்ச் ஒளி நிலாவைத் தொடவே 1.28 வினாடி ஆகும். நீங்கள் வீசி முடித்துக் கையை இறக்கிய பிறகுதான் அங்கே புள்ளி ஓட ஆரம்பிக்கும்.