தோட்டத்துக்கு லைட்டிங்: கடைக்குப் போறதுக்கு முன்னாடி டார்ச்ச எடுங்க

வீடு கட்டி கிரகப்பிரவேசமும் முடிஞ்சு முன்னாடி நாலு செடி வச்சதும் அடுத்து எல்லாரும் பண்றது என்னன்னா, நேரா லைட் கடைக்குப் போயி காம்பவுண்டு மேல வைக்க உருண்டை லைட்டு அரை டஜன், கூடவே 50 வாட் ஃப்ளட் லைட் ஒண்ணு வாங்கிட்டு வந்து எலக்ட்ரீஷியன் கையில குடுத்து "எங்கயாச்சும் நல்லா இருக்குற எடமா பாத்து மாட்டுங்கண்ணே"ன்னு சொல்றதுதான். ராத்திரி போட்டா வீடு பெட்ரோல் பங்க் மாதிரி இருக்கும். வெளிச்சத்துக்குக் குறைவில்ல, ஆனா கண்ணுக்கு லைட்டு மட்டும்தான் தெரியும், மரம் தெரியாது. தோட்ட லைட்டிங்ல லைட்டே கண்ணுல படக்கூடாது, அது எது மேல விழுதோ அதுதான் தெரியணும். கொஞ்ச எடத்த வேணும்னே இருட்டா விடணும், அப்பதான் மத்தது எடுப்பா தெரியும்.

ஒரு வீட்ட வச்சே பாப்போம். ஆறு சென்ட் மனை, முன்பக்கம் ஒரு தென்னை, மூலையில நல்லா வளந்த வேம்பு, கருங்கல் ஒட்டுன ஒரு செவுரு, கேட்டுல இருந்து வாசப்படி வரைக்கும் 25 அடி நடைபாதை.

ஸ்டெப் 1: ராத்திரி டார்ச் டெஸ்ட்

எட்டு மணிக்கு மேல வெளி லைட்டெல்லாம் அணைச்சிட்டு ஒரு ஆள்கிட்ட நல்ல டார்ச் ஒண்ணக் குடுத்து மரத்தடியில நிக்க வைங்க. நீங்க கேட்டுக்கு வெளிய, சிட்அவுட்ல, அப்புறம் ஹால் ஜன்னல்கிட்டன்னு மூணு எடத்துல இருந்து பாருங்க. முக்கியமா அந்த ஜன்னல், ஏன்னா தெனமும் நீங்க தோட்டத்தப் பாக்கப்போறது அங்க இருந்துதான்.

கருங்கல் செவுர இப்ப டெஸ்ட் பண்ணிப் பாருங்க. டார்ச்ச அஞ்சடி தள்ளி நேரா அடிச்சா செவுரு தட்டையா, சப்புன்னு தெரியும். அதே டார்ச்ச செவுத்துல இருந்து ஒரு சாண் தள்ளி தரையில வச்சு நேரா மேல பாத்து அடிங்க, ஒவ்வொரு கல்லோட மேடு பள்ளமும் நிழலோட எழும்பி நிக்கும். ஆனா வெறும் பெயின்ட் அடிச்ச செவுத்துல இதப் பண்ணிடாதீங்க, கொத்தனார் பூச்சுல விட்ட மேடு பள்ளம் அத்தனையும் ஊருக்கே தெரிஞ்சிடும்.

புடிச்ச எடத்துல எல்லாம் ஒரு குச்சிய நட்டுட்டு ஒரு பேப்பர்ல வரைஞ்சு வச்சுக்குங்க. அவ்ளோதான் டிசைன்.

ஸ்டெப் 2: எதுக்கு எந்த லைட்டு

கடையில வாட் மட்டும் கேக்காதீங்க, பீம் ஆங்கிள் கேளுங்க, அதாவது வெளிச்சம் எவ்ளோ அகலமா விரியும்னு. தென்னை ஒல்லியா உயரமா இருக்கு, அதுக்கு 15ல இருந்து 24 டிகிரி வரைக்கும் குறுகலான ஸ்பைக் லைட் (கூர் முனைய மண்ணுல குத்தி நடுற லைட்டு) 7 வாட்ல ஒண்ணு போதும், மரத்துல இருந்து ஒன்றரை அடி தள்ளி நட்டா வெளிச்சம் தண்டோடயே ஏறி ஓலை வரைக்கும் போகும். வேம்பு அகலமா விரிஞ்சிருக்கு, அதுக்கு 36 இல்லன்னா 60 டிகிரில 9 வாட் ரெண்டு, ரெண்டு பக்கத்துல இருந்து வைங்க. ஒண்ணே ஒண்ணு வச்சா பாதி மரம்தான் இருக்கும்.

கல் செவுத்துக்கு 5 வாட் மூணு. படிக்கு 2 வாட் ஸ்டெப் லைட் ரெண்டு. பாதைக்கு ஒன்றரை அடி உயர பொல்லார்ட் (குட்டைத் தூண் லைட்டு) 3 வாட்ல நாலு, மேல மூடி இருந்து கீழ மட்டும் வெளிச்சம் விழற மாதிரி பாத்து வாங்குங்க. அத ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா நிக்க வைக்காம மாத்தி மாத்தி வைங்க, இல்லன்னா ஏர்போர்ட் ரன்வே ஆயிடும்.

கலர் 2700 இல்லன்னா 3000 கெல்வின் வார்ம் வொயிட் (கெல்வின் கம்மியா இருந்தா மஞ்சளா இருக்கும், கூடுனா நீலம் கலந்த வெள்ளையாயிடும்). 6500 கெல்வின் வெள்ளைய தோட்டத்துல போட்டா இலையெல்லாம் வெளிறிப் போயி தெரியும், அதோட நீலம் கலந்த வெளிச்சத்துக்குத்தான் பூச்சி அதிகமா வரும். மழை விட்ட அன்னிக்கு சாயந்திரம் ஈசல் கிளம்புறத பாத்தவங்களுக்கு இது புரியும். வார்ம்லயும் வரும், ஆனா குறைவா வரும். கலர் மாத்துற ஆர்ஜிபி லைட்டு பத்தி நான் ஒண்ணும் சொல்லல, கல்யாண மண்டபம் வச்சிருந்தா வாங்கிக்குங்க.

ஸ்டெப் 3: கரண்ட்டு கணக்கு

இதுலதான் நெறைய பேர் கோட்ட விடுறாங்க, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. மேல சொன்னதெல்லாம் கூட்டுனா 56 வாட். நம்ம ஊர் கடையில கிடைக்கிற கார்டன் லைட்ல நெறைய நேரடி 230 வோல்ட்தான், ஈர மண்ணுல குழந்தைங்க வெளையாடுற எடத்துல அது எனக்குப் புடிக்காது, 12 இல்லன்னா 24 வோல்ட் கேட்டு வாங்குங்க. 230 வோல்ட்ட அந்த 12, 24க்கு மாத்திக் குடுக்குற பெட்டிதான் எஸ்எம்பிஎஸ், அத 80 சதவீதத்துக்கு மேல லோடு பண்ணக்கூடாது, 56க்கு 70 வேணும், கடையில 100 வாட் எடுத்துட்டா பின்னாடி ஒண்ணு ரெண்டு லைட்டு சேக்கலாம்.

இப்ப வயர். 12 வோல்ட்ல 56 வாட்னா கிட்டத்தட்ட 4.7 ஆம்ப். எல்லா லைட்டும் 20 மீட்டர் தள்ளி இருக்குன்னு வைங்க, போக வர 40 மீட்டர் வயர். 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் போட்டா வயர்லயே ரெண்டரை வோல்ட் போயிடும், லைட்டுக்கு 9.5தான் கிடைக்கும், அது அழுது வடியும். 2.5 போட்டா ஒன்றரை வோல்ட் நஷ்டம். அதே 24 வோல்ட் சிஸ்டம்னா ஆம்ப் பாதியாயிடும், 1.5 வயர்லயே 1.25 வோல்ட்தான் குறையும், 24ல அது பெருசில்ல. அதனால முடிஞ்சா 24 எடுங்க. 12தான் கிடைச்சுதுன்னா எஸ்எம்பிஎஸ்ஸ நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் தனித்தனி வயர் ஓட்டுங்க, ஒரே வயர வீட்டச் சுத்தி இழுக்காதீங்க.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போற 230 வோல்ட் லைன்ல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட்டு கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) கண்டிப்பா இருக்கணும். அந்த வேலைய லைசென்ஸ் இருக்குற எலக்ட்ரீஷியன்தான் பண்ணணும், யூட்யூப் பாத்து நீங்க எறங்காதீங்க.

ஸ்டெப் 4: மழை

செவுத்து லைட்டு, ஸ்பைக் லைட்டுக்கு ஐபி65 போதும் (ஐபிங்கிறது தூசி, தண்ணிய எவ்ளோ தாங்கும்னு சொல்ற ரேட்டிங்). தரைக்குள்ள பொதைக்கிறதுக்கு ஐபி67, அதுவும் குழியில அரை அடி ஜல்லி போட்டு அது மேல வச்சாதான் தண்ணி வடியும். ஐபி67னா ஒரு மீட்டர் தண்ணில அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம், ஐப்பசி மழையில மூணு நாள் தேங்கி நின்னா அதுக்கு கேரன்டி கிடையாது.

லைட்டு கெட்டுப்போறத விட ஜாயின்ட் கெட்டுப்போறதுதான் ஜாஸ்தி. வயர முறுக்கி கருப்பு டேப் சுத்தி மண்ணுல பொதைச்சா முதல் மழைக்கே தண்ணி ஏறி காப்பர் பச்சை புடிச்சிடும். ஜெல் உள்ள கனெக்டர் இல்லன்னா ஐபி68 ஜாயின்ட் பாக்ஸ் போடுங்க. வயர் எல்லாம் பைப்புக்குள்ளதான் போகணும், களை எடுக்க வர்றவரு மண்வெட்டியால ஒரே போடு போட்டா வேலை முடிஞ்சுது. ஈசிஆர் மாதிரி கடலோரம்னா சாதா அலுமினியம் பாடி உப்புக் காத்துல பொரிஞ்சிடும், பித்தளையோ 316 கிரேடு ஸ்டீலோ பாருங்க.

ஸ்டெப் 5: ஆன் ஆஃப்

வெறும் டைமர் வச்சா சென்னையில நவம்பர்ல அஞ்சே முக்காலுக்கே இருட்ட ஆரம்பிச்சிடும், ஜூலையில ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும், மாத்திக்கிட்டே இருக்கணும். டே நைட் சென்சார்ல ஆன், டைமர்ல பதினோரு மணிக்கு ஆஃப், இதுதான் சரி. சென்சார் மேல உங்க லைட்டே படாம பாத்துக்குங்க, பட்டா அணைஞ்சு அணைஞ்சு எரியும். தெனம் அஞ்சு மணி நேரம்னா ரெண்டு மாச ஈபி பில்லுல சுமார் 17 யூனிட்தான் ஏறும். சோலார் லைட்டு கேக்குறவங்களுக்கு: மர நிழல்ல சார்ஜ் ஏறாது, பாதை ஓரம் வெயில் படுற எடத்துல வேணா வைக்கலாம்.

கடைசியா, பகல்ல மாட்டும்போது ஸ்க்ரூவ முழுசா டைட் பண்ணாதீங்க. ராத்திரி போட்டுப் பாத்து, பக்கத்து வீட்டு பெட்ரூம் ஜன்னல்ல அடிக்கலன்னு உறுதி பண்ணிட்டு அப்புறம் இறுக்குங்க. வேம்பு பெருக்கப் பெருக்க லைட்ட தள்ளி நட வேண்டி வரும், அதனால ஒவ்வொரு ஸ்பைக் லைட்டுக்கும் ரெண்டு மீட்டர் வயர் கூடுதலா சுருட்டி விட்டுடுங்க.