தட்டச்சு லோயர்: கீயைப் பார்க்காமல் பழகும் முறை

தட்டச்சு இளநிலைத் தேர்வில், அதாவது எல்லோரும் சொல்கிற லோயரில், ஆங்கிலத்துக்கு நிமிடத்துக்கு 30 சொல் வேகம் வேண்டும். கீயை ஒருமுறை தட்டுவது ஓர் அடி; ஐந்து அடி ஒரு சொல் என்று கணக்கு. பத்து நிமிடத்தில் 1500 அடி, நொடிக்கு இரண்டரை. அடுத்த நிலையான ஹையருக்கு 45 சொல், 2250 அடி.

நொடிக்கு இரண்டரை அடி பெரிய வேகம் இல்லை. கீயைப் பார்த்து, இரண்டு விரலால் தட்டியே அந்த வேகத்தைப் பலர் எட்டிவிடுவார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. கண், பார்த்து அடிக்கும் தாளை விட்டுக் கீழே போய்த் திரும்பும்போது விட்ட இடத்தைத் தேட வேண்டும். 1500 அடி என்பது ஏறக்குறைய 25 வரி. வரிக்கு ஒருமுறை குனிந்து, இடம் தேட இரண்டு நொடி போனாலும் மொத்தம் 50 நொடி, அதாவது 125 அடி போச்சு. தேடும்போது ஒரு வரியையே தாண்டிப் போவதும் உண்டு. லோயரை அப்படித் தேற்றினாலும் ஹையரில் நின்றுவிடும். அதன் பிறகு விரலை மாற்றிப் பழகுவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

ஆகவே முதல் இரண்டு வாரம் நடுவரிசை மட்டும். இடது கைக்கு ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், வலது கைக்கு செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. தினம் ஒரு மணி நேரம், ஒரே பாடம், பக்கம் பக்கமாக. சலிக்கும்தான். ஆனால் இந்தச் சலிப்பில்தான் சுண்டுவிரல் தேறுகிறது. அடித்த தாளை வெளிச்சத்தில் பாருங்கள்: ஏ மங்கலாகவும் எஃப் கருப்பாகவும் விழுந்திருந்தால் சுண்டுவிரலுக்கு இன்னும் பலம் வரவில்லை என்று அர்த்தம். மேல்வரிசைக்குப் போகாதீர்கள்.

மணிக்கட்டைத் தட்டச்சுப் பொறியின் விளிம்பில் சாய்க்கக் கூடாது. கீயை அழுத்தாமல் கொத்திவிட்டு விட வேண்டும். பெரிய எழுத்து வரிக்கு மேலே தொங்கினால், எழுத்தைத் தாளில் அடிக்கும் கம்பி தாளைத் தொடும் முன்பே ஷிஃப்டை விட்டுவிட்டீர்கள்.

நான்கு வரிசையும் வந்த பிறகு தாளம். செல்போனில் மெட்ரோனோம் செயலி, அதாவது சீராகத் தட்டும் ஒலி கொடுக்கும் செயலி, போட்டு நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்குங்கள். ஒரு தட்டுக்கு ஒரு அடி, ஸ்பேஸ் பாரும் ஓர் அடிதான். பக்கத்துக்கு ஐந்து பிழைக்குள் மூன்று நாள் தொடர்ந்து வந்தால் மட்டும் பத்து கூட்டலாம். 150 தட்டு வந்தால் லோயர் வேகம். தெரிந்த சொல்லை வேகமாகவும் தெரியாத சொல்லைத் தயங்கியும் அடிப்பவர்கள் இந்தத் தாளத்தில் உடனே மாட்டிக்கொள்வார்கள்.

பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, எந்த விரல் என்று நோட்டில் எழுதுங்கள். 'தி' என்ற ஆங்கிலச் சொல் டி-இ-ஹெச் என்று மாறி விழுவது எல்லோருக்கும் வரும். டியும் இயும் இடது கை, ஹெச் மட்டும் வலது கை. இடது கை முந்திக்கொள்கிறது. அந்தச் சொல்லை மட்டும் பழைய 60 தட்டுக்கு இறக்கி ஐந்து வரி அடித்தால் சரியாகும்.

ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப அடித்து நேரம் குறைந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். அது பத்தி மனப்பாடமானதால் வந்த வேகம். வாரம் இருமுறையாவது பார்க்காத பத்தியில் கடிகாரம் வையுங்கள். கடைசி பத்து நாள் வேறு வேறு பொறியில் உட்காருங்கள். ஒவ்வொன்றின் கீயும் ஒவ்வொரு கனம்.

தேர்வு நடுவில் இரண்டு கம்பி சிக்கிக்கொண்டால் கீயை மறுபடி குத்தாதீர்கள், சிக்கு இறுகும். மேலே கிடக்கும் கம்பியை விரலால் மெல்லப் பின்னுக்கு இழுத்தால் மற்றது தானே விழும். விரலில் மை ஒட்டும்; மடியில் ஒரு பழைய துணி இருக்கட்டும்.